ஓரங்குல உயரத்தில் எங்கள் சனம்

1

கீழ்க்கட்டளை ஏரியைக் கடந்து இருநூறடி ரோட்டில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் வரவில்லை. காலை பதினொரு மணி வெயில். கையில் சாப்பாட்டுப் பை இருந்தது. பைக்குள் சாப்பாடு இல்லை, பிஸ்கட் தகரம் ஒன்று இருந்தது. தகரத்துக்குள் நாற்பது பேர் இருந்தார்கள். பையைத் தோளில் போட மனம் வரவில்லை. நிறைந்த சட்டியைத் தூக்குகிறவனைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பல்லாவரம் பக்கம் நடந்தேன்.

நான் இடங்களை விட்டு நடந்து பழகியவன். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். புத்தளத்தில் உப்பு வாய்க்கால், கொழும்பில் சாப்பாட்டுக் கடை, மறுபடி மன்னார், பிறகு காட்டு வழி, படகு, முகாம், திருச்சியில் லேத் பட்டறை, காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி கேன்டீன். ஒவ்வொரு இடத்தையும் விட்டபோது காரணம் ஒன்று இருந்தது: அடித்தார்கள், மூடினார்கள், குண்டு விழுந்தது. இந்த முறை யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. மூன்று வருடம் மரியாதையாக நடத்திய இடத்திலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல், அவர்கள் பொருளை எடுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை இப்போது எழுதக் காரணம், போன கிழமை இங்கே காவல் நிலையத்தில் எங்கள் வருடாந்தரப் பதிவு முடிந்தது. வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு வருடமும் நான் அப்படி நடந்த அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்துவிடுகிறது.

2

நான் என்ன வேலை செய்தேன் என்று கடிதத்தில் கேட்டவர்களுக்கு "பெயிண்ட் வேலை" என்று மட்டும் எழுதினேன். சுவருக்கு என்று நினைத்திருப்பீர்கள். நான் அடித்தது ஓரங்குல உயரப் பட்டாளத்துக்கு.

வெளிநாடுகளில் வயதுவந்த ஆண்கள், தலை நரைத்தவர்கள்கூட, பழைய யுத்தங்களை மேசைமேல் வைத்து விளையாடுகிறார்கள். அதற்கு ஈயக் கலவையில் வார்த்த சிப்பாய்கள் வேண்டும். வார்ப்பது அங்கே, வர்ணம் அடிக்கக் கை வலிக்கும், கண் போகும், ஆகவே அது இங்கே வரும். எங்கள் முதலாளி ஜமால் பாய் முன்பு தோல் பை ஏற்றுமதி செய்தவர். பை வாங்கிய ஆள் ஒருவர் இந்த வேலையைக் கேட்டார். பாய் கீழ்க்கட்டளையில் தன் குடோனுக்கு மேலே ஒரு மாடி கட்டி, டியூப்லைட் போட்டு, பன்னிரண்டு பெண்களை உட்கார வைத்தார். பதின்மூன்றாவது ஆளாக நான் போனேன்.

பத்துச் சிப்பாயை ஒரு நீண்ட மரத்துண்டில், நாங்கள் பட்டை என்போம், வரிசையாகப் பசை போட்டு ஒட்டுவோம். ஒருத்தி எல்லோருக்கும் காற்சட்டை அடிப்பாள். பட்டை அடுத்தவளிடம் போகும். அவள் சட்டை. அடுத்தவள் பெல்ட்டு. நான் கடைசி. கழுத்துப் பட்டி, கைமடிப்பு, பொத்தான், கண். மூன்று மயிர் உள்ள பிரஷ்ஷால் கண்ணுக்கு ஒரு புள்ளி. கடைசியில் தண்ணியாகக் கரைத்த பழுப்பு மையைத் தடவினால் மடிப்புகளில் நிழல் விழுந்து, ஈயம் மனிதனாகிவிடும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பிரெஞ்சுக்காரர்களுக்கு நான் கண் திறந்திருக்கிறேன். ரஷ்யாக்காரர், மைசூர்ச் சிப்பாய்கள், ஆப்பிரிக்காவில் ஈட்டி பிடித்தவர்கள், எல்லோரும் என் கையால் போனவர்கள்தான். அவர்களைப் பற்றி ஒரு நாளும் ஒரு நினைப்பும் வந்ததில்லை. இதைப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தப் பெண்களில் சுமதி என்பவள் வாய்க்காரி. கீழ்க்கட்டளையிலேயே பிறந்தவள். நான் வாயைத் திறந்தாலே சிரிப்பாள். "கதைக்கிறதாம். ண்ணா, பேசறதுன்னு சொல்லேன், ஒன்னியும் கொறஞ்சிட மாட்ட" என்பாள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் எங்கள் கூரைக்குமேல் தாழப் போகும். முதல் மாதத்தில் சத்தம் கேட்டதும் நான் மேசைக்கடியில் குனிந்துவிட்டேன். மாடியே சிரித்தது. சுமதி மட்டும் சிரிக்காமல் என் பிரஷ்ஷைப் பொறுக்கிக் கொடுத்தாள். "அது இறங்கிக்கினு போவுது. ஒன்னும் போடாது" என்றாள்.

3

மூன்றாவது வருடம் ஒரு புதுப் பெட்டி வந்தது. பிரித்தபோது முதலில் வழக்கமான சிப்பாய்கள் என்று நினைத்தேன். தொப்பியைப் பார்த்ததும் கை நின்றது. அது எனக்குத் தெரிந்த தொப்பி. எங்கள் தீவின் சண்டையை யாரோ விளையாட்டாகச் செய்திருந்தார்கள். இரண்டு பக்கத்துப் படையும் இருந்தது. அங்கே அப்போது சண்டை மறுபடி தொடங்கி, உங்களிடமிருந்து கடிதம் வருவது நின்றிருந்த நேரம்.

பெட்டியின் அடியில் தனிப் பொட்டலம். அதில் சனங்கள். பத்து வகை வார்ப்பு, ஒவ்வொன்றிலும் நான்கு. தலையில் மூட்டை வைத்த பெண். கைக்குழந்தைக்காரி. சைக்கிள் கரியரில் கிழவரை வைத்துத் தள்ளுகிற ஆள். தங்கையைக் கையில் பிடித்த பெண் பிள்ளை. செய்தவன் புகைப்படம் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும்; சைக்கிள் ஹாண்டிலில் அரிசிச் சட்டி தொங்கவிட்டிருந்தான்.

சிப்பாய்களுக்கு வர்ண அட்டவணை வந்திருந்தது. சனங்களுக்கு வரவில்லை. பாய் என்னைக் கூப்பிட்டார்.

"இது உங்க ஊர் ஆளுங்கதானே சூசை. என்ன கலர்னு நீயே சொல்லிடு. முதல் செட்ட நீ தனியா பண்ணு. அதப் பாத்து இவங்க போடட்டும்."

என் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க மாட்டேன். ஜன்னலோரம் தனி மேசை கொடுத்தார்கள். இரண்டு கிழமை எடுத்துக்கொண்டேன். நாற்பது பேரையும் நாற்பது விதமாக அடித்தேன்.

மூன்றாம் நாள் சுமதி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது? குண்டு போடறான், இவங்கோ கல்யாணத்துக்குப் போறாங்களா?"

நான் அடித்திருந்தது கூறைச் சேலை. உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, அவளுக்கு விளக்கினேன். ஓடும்போது கையில் பிள்ளை இருக்கும், தலையில் அரிசி இருக்கும். நல்ல துணியை எப்படிக் கொண்டுபோவது? உடுத்திக்கொண்டுதான். பெண்கள் கூறைச் சேலையை மேலே கட்டி, அதற்குள் இன்னொன்றைக் கட்டினார்கள். பிள்ளைகளுக்குக் கோயிலில் முதல்நன்மை வாங்கிய வெள்ளைச் சட்டை. கிழவருக்குப் பட்டு வேட்டி. காட்டு வழியில் சேறு முழங்கால் மட்டும். மேலே எல்லாம் பட்டும் சரிகையும். தூரத்திலிருந்து பார்த்தவன் திருநாள் கூட்டம் என்றுதான் சொல்லுவான்.

சுமதி ஒரு சேலைக் கரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். பிறகு, "அந்தச் சரிகைக்குத் தங்கக் கலர்ல மஞ்சா கொஞ்சம் கலந்துக்கோ. இல்லாங்காட்டி பித்தள மாரி கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரிதான்.

4

பதிவைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. முகாமுக்கு வெளியே இருக்கும் எங்களைப் போன்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை காவல் நிலையத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கடிதம், வேலை கொடுப்பவர் கடிதம், எங்கள் மூன்று பேரின் படம். வேலைக் கடிதம் இல்லையென்றால் வெளியே இருக்க அனுமதி நீடிக்காது. முகாமுக்குத் திரும்ப வேண்டும். முகாமுக்குப் போனால் என் மகள் ஜெனியின் பள்ளிக்கூடம் போய்விடும். கைக்குழந்தையாக வந்தவள், மேற்குத் தாம்பரத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் நான் மூன்று வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்பு எங்கும் அவ்வளவு நாள் இருந்ததில்லை.

ஒரு வருடம் எங்கள் ஊர் மன்னாரை மன்னார்குடி என்று எழுதிவிட்டார்கள். திருத்தச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானேப்பா" என்றார் எழுதியவர். நடுவில் கடல் இருக்கிறது என்றேன். திருத்த மூன்று நாள் அலைந்தேன். வேலைக் கடிதம் மட்டும் ஒருபோதும் அலைச்சல் தரவில்லை. ஜமால் பாய் தன் கையாலேயே எழுதுவார். என்ன வேலை, எத்தனை வருடம், பிறகு 'நான் அறிந்தவர்' என்று முடிப்பார். ஒரு சொல் கூட்ட மாட்டார், ஒரு சொல் குறைக்க மாட்டார்.

அந்த வருடத்துப் பதிவு வியாழக்கிழமை என்று சீட்டு வந்திருந்தது. நான் நடந்தது திங்கட்கிழமை.

5

அதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். நான் அடித்த நாற்பது பேரைப் படமெடுத்து பாய் மின்னஞ்சலில் அனுப்பினார். மறுமொழியைத் தமிழில் சொன்னார்: ரொம்பப் பிரமாதம், இந்த மாதிரி இன்னும் இருபது செட் வேண்டும். சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். பெண்கள் இனிப்புக் கேட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, விளையாட்டுப் பெட்டி ஒன்று அன்பளிப்பாக வந்தது. மூடியில், பாய் அனுப்பிய படத்திலிருந்து வெட்டி ஒட்டிய என் சனங்கள். மேசைமேல் ஒரு ரோடு, பக்கத்தில் பனை, நடுவில் அவர்கள், முன்னால் ஒரு டாங்கி. மூடியைச் சுவரில் ஒட்டினோம். உள்ளே ஒரு புத்தகம் இருந்தது. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஜெனியிடம் காட்டலாம் என்று பாயிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவள் தரையில் குப்புறப் படுத்துப் படித்தாள். மனைவி ரீத்தா உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பேக் சைடுல நீங்க பண்ண பெயிண்ட்டிங் இருக்குப்பா. ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகட்டா? யாரும் நம்ப மாட்டாங்க."

"பேந்து கொண்டுபோகலாம். முதல்ல அந்தச் சனங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கு, அதை வாசி."

அவள் விரல் வைத்து வாசித்தாள். பாதி ஆங்கிலம், பாதி அவளுடைய மெட்ராஸ் தமிழ்.

"சிவிலியன்ஸ். இவங்க எந்த டீமும் இல்ல. ரோட்டுல இவங்க இருந்தா வண்டிங்க பாதி தூரம்தான் போகும். ஒவ்வொரு டர்னுக்கும் டைஸ் போடணும். ஆறு விழுந்தா ஓடுவாங்க. ஒண்ணு விழுந்தா நின்ன எடத்துலயே நிப்பாங்க."

"ம்."

"இவங்களச் சுட்டா பாயிண்ட் போகாது. ரெண்டு டர்னுக்கு மேல வழிய அடைச்சா ரெண்டு டீம்ல யார் வேணா ரிமூவ் பண்ணலாம்."

"அப்படியெண்டா?"

"எடுத்துடலாம்ப்பா. பாக்ஸ்ல போட்டுடலாம்." பக்கத்தைத் திருப்பினாள். "இங்க உங்களப் பத்திகூட இருக்கு. மாடல்ஸ் எல்லாம் பளிச்னு பெயிண்ட் பண்ணதால தூரத்துல இருந்தே தெரியும், விளையாடறதுக்கு ஈஸின்னு போட்டிருக்கான். சூப்பர்ல?"

எனக்குக் காது அடைத்தது. விமானம் போகவில்லை. ரீத்தா வெட்டுகிற சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. நான் அடித்த சிவப்பு, நான் மஞ்சள் கலந்து சரிசெய்த சரிகை. சுடுகிறவன் தூரத்திலிருந்தே பார்க்க வசதியாக இருந்தது.

"அப்பா, எதுக்கு இவங்க கல்யாணப் பொடவ கட்டிருக்காங்க?" என்று கேட்டாள் ஜெனி. நான் வெளியே போய்த் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளிடம் நாங்கள் அந்தக் காட்டு வழி நடையைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அவள் இங்கேயே பிறந்தவளைப் போலப் பேசுவது எங்களுக்கு ஒரு வசதியாகவும் இருந்தது.

6

மறுநாள் மாடிக்குப் போனேன். ஏறியதும் சிவப்பு. மேசை நீளத்துக்குப் பட்டைகள், பட்டைக்குப் பத்துப் பேர், பத்துப் பேருக்கும் ஒரே கூறைச் சேலை. "செவப்பு முடிஞ்சா இப்பிடித் தள்ளு. காயறதுக்குள்ள தள்ளாத" என்று சுமதி சொல்லிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைக்காரிகள் ஐம்பது பேர்வரை சேலை இல்லாமல், அடிப்பூச்சுக் கறுப்போடு, முறைக்குக் காத்து நின்றார்கள். என் மேசையில் அசல் நாற்பது. அவற்றைப் பார்த்துத்தான் மற்றது நடக்கிறது என்று நினைத்தேன். தேநீர் வந்து எல்லோரும் எழுந்தபோது நாற்பதையும் தகரத்தில் வைத்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தகரத்தைப் பையில் போட்டேன். இறங்கினேன்.

இப்படித்தான் இருநூறடி ரோடு. பல்லாவரம் வந்து ஜிஎஸ்டி ரோட்டில் திரும்பி, தெற்கே நடந்தேன். பேருந்துகள் போய்க்கொண்டே இருந்தன. ஏறவில்லை. குரோம்பேட்டையில், ஸ்டேஷனுக்கு எதிரே, ஒரு ஸ்கூட்டர் என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஜமால் பாய். தொப்பியை எடுத்து வியர்வையைத் துடைத்தார்.

"எவ்ளோ தூரம்யா நடப்ப? பஸ் ஸ்டாப் ஸ்டாப்பா பாத்துட்டு வர்றேன்."

"தகரத்தைத் தர மாட்டன் பாய்."

"தகரம் யாருக்கு வேணும்? சாவியக் குடு."

"என்ன சாவி?"

"பெயிண்ட் பீரோ சாவி. உன் பாக்கெட்லதான் இருக்கும். வெளிய இருந்த செவப்பு தீந்துபோச்சு, பன்னண்டு பொண்ணுங்க சும்மா உக்காந்துருக்காங்க."

சட்டைப் பையில் கைவிட்டேன். இருந்தது. கொடுத்தேன். கொடுத்துவிட்டு, முட்டாளைப் போல, தகரத்தில் இருக்கிற நாற்பதும் இல்லாமல் மிச்சத்தை நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சுமதி கண்ணக் கட்டிட்டுப் போடுவா சூசை. எந்தப் பொம்பளைக்கு எந்த பார்டர்னு மனப்பாடமா சொல்றா. ஏழு செட்டு வெள்ளிக்கிழமையே ஏர்போர்ட் போயாச்சு."

நான் இரண்டு மணிநேரமாக ஏந்தி நடந்தது யாருக்கும் தேவைப்படாத பொருள். ரோட்டோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, உட்காரச் சொன்னார். கரும்புச்சாறு வண்டிக்காரனின் ஸ்டூலில் உட்கார்ந்து ஜெனி வாசித்ததை அப்படியே சொன்னேன். டைஸ், ஒன்று, ஆறு, பெட்டி. பளிச்சென்று தெரிவது.

அவர் இரண்டு டம்ளர் கரும்புச்சாறு சொன்னார்.

"அந்தப் புக்க நானும் படிச்சேன்" என்றார் பிறகு.

"படிச்சிட்டுத்தான் தந்தனீங்களோ?"

"நீ கேட்ட, குடுத்தேன். ஒளிச்சா தப்பு." கரும்புச்சாறு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "மூணு வருஷமா நீ எத்தன பேருக்குக் கண்ணு வெச்சிருப்ப? பிரெஞ்சுக்காரனுக்கு அம்மா இல்லியா? மைசூர் சிப்பாய்ங்கள நாப்பது பெட்டி அனுப்பினோமே, அதுல பாதி என் ஆளுங்கய்யா. அவங்களயும் டைஸ் போட்டுத்தான் எடுக்கறாங்க. எனக்குத் தெரியும். நானே பொத்தான் செக் பண்ணி அனுப்பினேன்."

அவர் என்னை மடக்குவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. தனக்கே சொல்வதைப் போலச் சொன்னார். நூற்றைம்பது பேருக்குக் கண் திறந்துவிட்டு மாலையில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன நாட்கள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அவர்களும் ஏதோ ஓர் ஊரில் நல்ல துணி வைத்திருந்திருப்பார்கள். ஒரு தடவையாவது கேட்டேனா?

"அப்ப நான் பிழையெண்டு சொல்லுறியளோ?"

"யார் தப்புன்னு எனக்குத் தெரியாது. ஆர்டர நிறுத்த மாட்டேன். பன்னண்டு குடும்பம் இருக்கு." எழுந்தார். "வியாழக்கெழம உனக்கு ரிஜிஸ்டர் இருக்குல்ல?"

"ஓம்."

"வேலைய விட்டவனுக்கு வேலை பாக்கறான்னு எழுத மாட்டேன். இதுவரைக்கும் பொய் எழுதினது இல்ல, உனக்கும் தெரியும். வேற எங்கயாவது கெடச்சா சந்தோஷம். இல்லன்னா நாளைக்குக் காலைல வா. என்ன வேலை செய்யறேன்னு நீ சொல்லு, அதையே எழுதறேன்."

ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனார். தகரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

7

வீட்டுக்கு வந்தபோது ரீத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இந்த நேரம் வந்தனீங்கள்? கடிதம் தந்திட்டாரோ?"

இல்லை என்றேன். தகரத்தைத் தரையில் வைத்துத் திறந்தேன். அவளுக்கு நான் என்ன அடிக்கிறேன் என்று சொல்லியிருந்தேனே தவிர, அவள் பார்த்ததில்லை. சுளகை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்தாள். விரலால் ஒவ்வொருவராகத் தள்ளிப் பார்த்தாள். கைக்குழந்தைக்காரிகளில் ஒருத்தியைத் தூக்கினாள்.

"இது நான்."

"ஓம்."

"என்ர சேலை இவ்வளவு சிவப்பில்லை. அது அரக்கு." வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "சரிகை சரி."

விளையாட்டு விதிகளை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "வியாழக்கிழமைக்கு என்ன செய்யப் போறீங்கள்?" என்றாள். பெருங்களத்தூரிலும் ஊரப்பாக்கத்திலும் கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, மேஸ்திரி யாரையாவது கேட்கலாம் என்றேன். நாட்கூலிக்குக் கடிதம் தருவானா என்று கேட்டாள். தரமாட்டான். இரண்டு பேருக்கும் தெரியும்.

நான்கு மணிக்கு ஜெனி வந்தாள். பையைப் போட்டுவிட்டு, காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்று வரிசையாக நிறுத்தத் தொடங்கினாள். ரோடு மாதிரி இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கினாள். நான் தடுக்க எழுந்தேன். ரீத்தா என் கையைப் பிடித்தாள். தன் கையில் இருந்த உருவத்தை மகளிடம் கொடுத்தாள்.

"இது அம்மா. இந்தக் கைப்பிள்ளை நீ."

ஜெனி அதை வாங்கிப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். சிரிக்கலாமா என்று யோசிப்பவள் போல வாய் கொஞ்சம் திறந்தது.

"நெஜமா?"

"உண்மைதான். சேலை மட்டும் பிழையா அடிச்சிருக்கிறார்."

அவள் நாற்பது பேரையும் மறுபடி பார்த்தாள். விளையாட்டில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள். பிறகு ஒன்று கேட்டாள். அவளிடம் இருந்த சொல்லைக் கொண்டுதான் கேட்டாள்.

"எத்தன டர்ன்மா நடந்தீங்க?"

ரீத்தாவுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனாலும் பதில் சொன்னாள். "பதினொரு நாள்."

ஜெனி வாய்க்குள் எண்ணினாள். இரண்டு டர்னுக்கு மேல் என்றால் என்ன என்று அந்த வீட்டில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். பத்து வயதுப் பிள்ளை அப்படிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. விளையாட்டுப் புத்தகத்தை எடுத்து என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, "இத அவங்ககிட்டயே குடுத்துடுங்கப்பா" என்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பேச்சு பிறகு வரவில்லை.

8

உங்களில் சிலர் என்னைத் திட்டுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தகரத்தை வீட்டில் வைத்துவிட்டு, மறுநாள் காலை முதல் வண்டியில் பல்லாவரம் போய், அங்கிருந்து நடந்தேன். பாய் குடோன் வாசலில் நின்றிருந்தார்.

"என்ன வேலைன்னு எழுதட்டும்?"

"பிரஷ் தொட மாட்டன் பாய். இனி ஒருத்தருக்கும் கண் வைக்க மாட்டன். பிரெஞ்சுக்காரனுக்கும் இல்லை. பேக்கிங் செய்யிறன்."

"பேக்கிங்குக்குத் தனி ஆளு நான் வெச்சதே இல்லையே. சாயங்காலம் பொண்ணுங்களே சுருட்டிப் போட்டுடறாங்க."

"அவையள் பத்துப் பத்தாச் சுருட்டினம். நான் ஒவ்வொருத்தரா சுத்துவன். சம்பளத்தைக் குறையுங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்க் கடிதத்தாளை எடுத்து, மேசையில் குனிந்து, நான் சொன்னதையே எழுதினார். பேக்கிங். மூன்று வருடமாக அறிந்தவர். கையெழுத்துக்கு அடியில் முத்திரை வைத்துக் கொடுத்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

மாடியில் பெண்கள் வேலையில் இருந்தார்கள். எட்டாவது செட் காய்ந்து முடிந்து தட்டில் இருந்தது. மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மெல்லிய வெள்ளைத்தாள் ஒரு கட்டு இருந்தது, அதை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்தேன். ஓர் உருவத்தை எடுத்து, கால் பக்கம் மடித்து, இரண்டு பக்கமும் மூடி, தலைப் பக்கத்தைக் கடைசியாக மடித்தேன்.

சுமதி எட்டிப் பார்த்தாள்.

"இப்பிடி ஒன்னு ஒன்னா சுத்தினா எப்போண்ணா முடியும்?"

"முடியிறபோது முடியட்டும்."

அவள் தன் பட்டையைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்து குந்தி, தாளைக் கிழித்துத் தர ஆரம்பித்தாள். அன்று மத்தியானத்துக்குள் அந்த செட்டின் நாற்பது பேரையும் சுற்றி, பெட்டியில் ஒருவர் பக்கத்தில் ஒருவராகக் கிடத்தினேன். பிறகு அடுத்த தட்டை எடுத்தேன். அதில் ரஷ்யாக்காரர்கள் இருந்தார்கள்.